நாலு வண்டி எரு

— போதும் உம்மு ரகப், போதும். ஆட்டுப் புழுக்கைக்குப் போய் யாராவது இத்தனை தடவை நன்றி சொல்வாங்களா?

— சொல்லாம என்ன ஹாஜியாரே? நாலு வண்டி! கழுதை உங்களது, வண்டி உங்களது, ஓட்டின ஆளும் உங்க ஆளு. சென்னூரிஸ் சந்தையில அரை மூட்டை எருவுக்கு ஆளை ஆள் அடிச்சுக்கறான். உங்க கை நல்லா இருக்கணும்.

— விடுங்க. பட்டியில இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துது. அள்ளி உங்க வாசல்ல கொட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

— குடுத்ததையும் குடுக்கலேங்கற மனுசனை இப்பத்தான் பார்க்கறேன். இந்தாங்க, பாலாடைக்கட்டி. காலையிலதான் வடிச்சேன்.

— எனக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போங்க. உங்க பையனுக்குக் குடுங்க.

— ரகபுக்கா? அவன் கெய்ரோவுல ஓட்டல் ஓட்டலாத் தின்னு கழுத்தே காணாமக் கெடக்கான். வாங்கிக்குங்க. விதவை வீட்டுப் பாலாடைக்கட்டின்னா ஈ மொய்ச்சுடுமா?

— அட, அதுக்கில்ல! அந்த எருவுக்காக நீங்க எனக்கு ஒரு துரும்பும் தரக்கூடாது. தந்தா என் தொண்டையில இறங்காது.

— ஊரே உங்களைப் பேசுது, தெரியுமா? வெள்ளிக்கிழமை தொழுகையில இமாம் பேர் சொல்லாம சொன்னாராமே. 'அண்டை வீட்டு விதவைக்கு அள்ளிக் குடுத்த கை'ன்னு. என் கொழுந்தன் வந்து சொன்னான்.

— நானும் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில. தலையைத் தூக்க முடியல.

— அதான் உங்க அடக்கம்.

— அடக்கமாவது ஒண்ணாவது. உட்காருங்க உம்மு ரகப். அந்த ஆட்டைத் தள்ளிவிட்டுட்டு இப்படி உட்காருங்க. ஒண்ணு கேட்கணும். அந்த எருவை என்ன பண்ணீங்க?

— எருவை என்ன பண்ணுவாங்க? கண்ணுக்கு மையாவா இட்டுக்குவாங்க? மண்ணுலதான் போட்டாச்சு.

— வெங்காயத்துக்குத்தானே? நீங்க வருசா வருசம் வெங்காயம்தானே நடுவீங்க?

— வெங்காயத்துக்கு எதுக்கு அவ்வளவு எரு? ஃபூல் அவரை போட்டாச்சு, ஹாஜியாரே. விதை ஊனி, முதல் தண்ணியும் விட்டாச்சு.

— அவரையா?

— அவரைதான். பச்சைக் காயைக் கொஞ்சம் சந்தைக்கு அனுப்பிட்டு மிச்சத்தைக் காய வெச்சா, வருசம் பூரா காலையில ஃபூல் சட்டி அடுப்புல இருக்கும். என்ன அப்படிப் பார்க்கறீங்க? நீங்க வந்து எட்டிப் பார்த்திருக்கலாம்ல.

— நான் உங்க தோட்டம் பக்கமே வர்றதில்ல. மசூதிக்குக்கூடச் சுத்துவழியாத்தான் போறேன். எவ்வளவு நிலத்துல போட்டீங்க?

— முழு நிலமும். ஒரு சாண் விடல.

— யா ரப்பே!

— என்ன ஆச்சு? முகம் வெளுத்துப் போச்சே. நஃபூஸா அக்காவைக் கூப்பிடட்டுமா?

— வேண்டாம். அவளைக் கூப்பிடாதீங்க.

— பாவம், பெத்த தாயில்லையா, அவங்க நேத்துக் கால்வாயில துணி அலசறப்பக்கூட அழுதாங்க. எல்லாம் வஹீபாவை நெனச்சுத்தான்.

— அந்தப் பேரை என் காதுல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— பெத்த பொண்ணு பேரைச் சொன்னாக் காது புளிக்குதாக்கும். என்ன பண்ணிட்டா? ஒரு கூலிக்காரனைக் கட்டிக்கிட்டா. ஹலாலாத்தானே கட்டிக்கிட்டா? கால்வாய்க்கு அந்தக் கரையில இருக்கா, கூப்பிட்டாக் கேட்கும். அவனுக்குன்னு இருக்கறதே அஞ்சு கீராத், கால் ஏக்கர்கூட வராத உப்பு மண்ணு. ரெண்டு வருசமா ஒரு பயிர் உருப்படியா வரல. வயித்துல வேற இப்ப ஆறு மாசம்.

— ஆறு மாசமா?

— கேட்டீங்களா! காது புளிக்கலையே?

— விடுங்க. என் வாயால அவளுக்கு ஒரு சொல் கிடையாது, என் கையால ஒரு பிடி கோதுமை கிடையாதுன்னு ஊர் முன்னாடி சத்தியம் பண்ணினவன் நான். சொன்னது சொன்னதுதான்.

— தெரியும், தெரியும். வாயால சொல்ல மாட்டீங்க.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல. உங்க மனசு எனக்குத் தெரியும்னேன்.

— தெரியாது! என் மனசு உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா இந்தப் பாலாடைக்கட்டியை என் மூஞ்சியில வீசிட்டுப் போவீங்க.

— ஏன் ஹாஜியாரே இப்படியெல்லாம் பேசறீங்க?

— கேளுங்க. நடுவுல பேசாம கேளுங்க, இல்லேன்னா என்னால சொல்ல முடியாது. போன கோடையில மலிவா வந்துதேன்னு காஞ்ச அவரைத் தழை வாங்கினேன், ஆட்டுக்குத் தீனி. அது ஹாலூக் களை விழுந்த வயலோட தழை.

— ஹாலூக்கா? வேரைக் கவ்வி உறிஞ்சுமே, அந்தச் சனியனா?

— அந்தச் சனியன்தான். தழையோட அதோட விதையும் வந்துது. ஆடு தின்னுச்சு. அந்த விதை ஆட்டு வயித்துல சாகாது. போன மாதிரியே வெளிய வரும்.

— தெரியுமே. என் மாமனார் நிலம் அதுலதான் போச்சு. பதினஞ்சு வருசம் அவரைன்னு பேச்சே எடுக்கல.

— அந்த எருதான் உங்க வாசலுக்கு வந்தது.

— நாலு வண்டியுமா?

— நாலும்.

— ஒரு வண்டியாவது நல்லதாக் கலந்திருக்காதா? யோசிச்சுச் சொல்லுங்க.

— கலக்கல. யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கமே போச்சு.

— உங்களுக்கு எப்பத் தெரியும்? வண்டி கட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— அதைக் கேட்காதீங்க.

— கேட்கறேன். முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடி. என் நிலத்துல ஒரு கூடை போட்டேனா? போடல. பாலைவனத்து ஓரம் கொண்டுபோய்க் கொட்டணும், இல்லேன்னாக் கொளுத்தணும். சோம்பல் பட்டுக்கிட்டே கெடந்தேன். அப்பப் பார்த்து நீங்க வந்து எரு கேட்டீங்க. வாய் தானா 'எடுத்துக்குங்க, காசு வேண்டாம்'னுடுச்சு. வெங்காயம்தானே நடப்போறா, வெங்காயத்தை அது தொடாதேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். குப்பையைத் தள்ளிவிட்டேன், உம்மு ரகப். அதுக்குப் புண்ணியவான்னு பேர் வாங்கினேன். அல்லாஹ்வோட வீட்டுல உட்கார்ந்து வாங்கினேன்.

— யா ஸாத்திர்... காப்பாத்து ரப்பே, யா ஸாத்திர்...

— திட்டுங்க. அழாதீங்க, திட்டுங்க. உங்க நிலத்துக்கு ஈடா என் மேட்டு நிலத்துல எடுத்துக்குங்க. இன்னிக்கே சாட்சி வெச்சுக் குடுக்கறேன். வெள்ளிக்கிழமை நானே எழுந்து நின்னு ஜமாஅத்துக்கு முன்னாடி சொல்றேன். உங்க நிலத்தைக் கெடுத்தவன் நான்னு சொல்றேன்.

— என் நிலத்தையா? என் நிலத்துக்கு ஒண்ணும் ஆகலையே.

— என்ன?

— நான் வெங்காயம்தான் நட்டிருக்கேன். எப்பவும் போல. உங்க எருவுல ஒரு கூடைகூட அங்க விழல.

— அல்ஹம்துலில்லாஹ்! அடப் பாவி மனுஷி, அப்புறம் எதுக்கு அவரை, முழு நிலம்னு சொல்லி என் உயிரை எடுத்தீங்க? எரு எங்க இருக்கு? சொல்லுங்க, இப்பவே போய் அள்ளிக் கொளுத்திடறேன். ஏன் இன்னும் அழறீங்க? நிலம் தப்பிச்சுதே!

— ஹாஜியாரே, என்கிட்ட இருக்கறது பாய் விரிக்கிற அளவு நிலம். நான் கேட்டது ரெண்டு கூடை. நீங்க நாலு வண்டி அனுப்பினீங்க.

— தள்ளிவிட்டேன்னு சொன்னேனே.

— எனக்கு அது எப்படித் தெரியும்? வாசல்ல மலை மாதிரி குமிஞ்சு கெடந்துது. இந்த மனுசன் எனக்கு எதுக்கு இத்தனை அனுப்பறாருன்னு யோசிச்சேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துது. ஊர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டவரு. நேரா அந்தக் கரைக்கு அனுப்ப முடியுமா? அதான் என் வாசல்ல கொட்டிட்டுப் போறாரு, புரிஞ்சுக்கோ உம்மு ரகப்னு.

— இல்ல.

— கொழுந்தன் கழுதையைப் பூட்டி நானே பாலம் தாண்டி ஓட்டிட்டுப் போனேன்.

— இல்ல உம்மு ரகப். அப்படிச் சொல்லாதீங்க.

— 'எங்கப்பா குடுத்தாரா?'ன்னு கேட்டா. ஆமாம்மா, வாயால சொல்லத் தெரியாத மனுசன்னேன். அவ சொல்லச் சொன்ன நன்றியைத்தான் வந்ததுலேர்ந்து உங்ககிட்டக் கொட்டிக்கிட்டிருந்தேன். வயித்துப் புள்ளையோட கூடையைத் தூக்காதேன்னு புருசன் கெஞ்சினான், ஹாஜியாரே. கேட்கல. எங்கப்பா குடுத்ததுன்னு சொல்லி, ஒரு சாண் விடாம அந்த அஞ்சு கீராத்தும் தன் கையாலயே தூவி, அவரை விதையும் ஊனினா.