மூன்று கைத்துப்பாக்கிகளும் முதல் கேள்வியும்

— இந்த ஓக்லஹோமா மாநிலத்துல கைத்துப்பாக்கியை மோந்து பார்த்தே தரம் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான், ஓப்பலக்கா. அவன் இப்ப உங்க கடைக்குள்ள நின்னுட்டிருக்கான்.

— சரி ராஜா. ஆனா நீ மோந்து பார்த்தது துப்பாக்கியை இல்ல, எண்ணெய்த் துணியை. அதைக் கீழ வை, வெர்லன்.

— அண்ணே, சுருக்கமா முடி. மூணு மணிக்கு நான் ஒரு பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடப் போகணும். கையில முந்நூத்தி இருபது டாலர் இருக்கு. வெள்ளிக்கிழமை ரஸல் ஜெயில்லேருந்து வெளிய வர்றான். இதுக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணு சொல்லு, போதும்.

— அவசரப்படாத, ட்வைலா. முப்பது வருஷ அனுபவம் பேசுது, கேளு. உன் முன்னாள் புருஷன் மாதிரி ஆளுக்குப் பார்த்தவுடனே பயம் வரணும். அக்கா, அந்த முதல் துப்பாக்கியை எடுங்க.

— மூணையும் எடுத்து வைக்கிறேன், அவளே பார்க்கட்டும். இது நூத்தி எண்பது. செங்கல் கனம், ஆனா சுடும். நடுவுல இருக்கிறது இருநூத்தி முப்பது, தோட்டா ஏத்த மேல பின்னாடி இழுக்கிற ஸ்லைடு கொஞ்சம் முரடு. கடைசி, வரியோட முந்நூத்திப் பதினஞ்சு. ஸ்லைடு இலேசா வரும், கை வலிக்காரங்க நிறைய பேர் வாங்கறாங்க.

— அது துப்பாக்கியா? பிஸ்கட் டப்பா மூடி. பொம்பளைங்க நகப்பூச்சு காயறதுக்குள்ள சுடணும்னு செஞ்சது. அதை இடுப்புல செருகிட்டு நான் தெருவுல போனா, எங்கப்பா கல்லறையைத் தொறந்துட்டு வந்து எனக்குப் பேரை மாத்திடுவாரு. நீ செங்கல்லை எடு, ட்வைலா. ஸ்லைடை இழு.

— வரல.

— மனசு வெச்சு இழு.

— நான் வெச்சுட்டேன். மணிக்கட்டு எலும்புல டாக்டர் அடிச்ச ரெண்டு ஆணிதான் மனசு வைக்க மாட்டேங்குது.

— ஆணியா? அது ரஸல் வேலைதானா, ட்வைலா?

— ஆமாக்கா. கார் கதவை வெச்சு நசுக்கினான். அதுக்குத்தான் பதினோரு மாசம் உள்ள போனான். பக்கத்து ட்ரெய்லர் வீட்டுப் பெர்க்கின்ஸ் கிழவி மட்டும் போலீஸுக்குப் போன் பண்ணலைன்னா அடுத்து கழுத்துதான்.

— அந்தக் கதை இப்ப எதுக்கு? குடு இங்க, எப்படி இழுக்கறதுன்னு நான் காட்டுறேன். இப்படிப் பிடிச்சு… இப்படி… அக்கா, இதுக்கு எண்ணெயே போடலை நீங்க.

— நேத்துதான் போட்டேன்.

— அப்ப காத்துல ஈரம். இரும்பு ஊறியிருக்கு.

— காத்தை விடு. குழலைச் சுவத்துல இருக்கிற அந்த மான் தலைப் பக்கம் திருப்பாதே. அது ஒரு தடவை செத்தது போதும்.

— காலியாத்தானே இருக்கு?

— காலின்னு சொன்ன ஆளுங்களாலதான் என் கூரையில ரெண்டு ஓட்டை. ட்வைலா, நீ கடைசியை எடும்மா. நான் உள்ள தோட்டா இல்லைன்னு பார்த்துட்டேன், நீயும் ஒரு தடவை பார்த்துக்கோ. இப்ப இழு.

— ஓ. வந்திடுச்சு. இருங்க, மறுபடியும். வந்திடுச்சு, அக்கா.

— பிஸ்கட் டப்பா யாருக்குத்தான் வராது.

— அண்ணே, நான் பிஸ்கட் டப்பாவே வாங்கிக்கிறேன்.

— அப்புறம் உன் இஷ்டம். அக்கா, துப்பாக்கி வாங்குற அந்த அரசாங்கப் படிவத்தை எங்கிட்ட குடுங்க. குற்றப் பதிவு சரிபார்க்கிறதுல என் பேரு ரெண்டு நிமிஷத்துல தேறிடும், இவ பேருக்குப் பதில் எப்ப வருமோ. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி இவகிட்ட குடுத்துடறேன். பணம் இவ தந்திடுவா.

— வெர்லன், நீ சொன்னது என் காதுல விழுந்திடுச்சு. விழுந்துட்டதால இதை இனி உனக்கு விக்க முடியாது. படிவத்துல முதல் கேள்வியைப் படி. ‘இதை உண்மையிலேயே வாங்குபவர் நீங்கள்தானா?’ அடுத்தவங்க பணத்துல அவங்களுக்காக வாங்கிட்டு ஆமான்னு எழுதினா, வெள்ளிக்கிழமை ரஸல் காலி பண்ற கட்டில்ல நீ போய்ப் படுக்கணும்.

— முப்பது வருஷமா வாங்குறேன், யாரும் இப்படிப் பேசினதில்ல.

— முப்பது வருஷமா நீ எங்கிட்ட வாங்கினது தூண்டில் புழு. ட்வைலா, நீயே நிரப்பு.

— நிரப்பிட்டேன். நான் தலைமறைவுக் குற்றவாளியான்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு போட்டேன்.

— நல்லது. சரிபார்க்க போன்ல உன் பேரைச் சொல்லிட்டேன், பதில் வர்ற வரைக்கும் பின்னாடி சுடுற இடத்துக்குப் போய்ச் சுட்டுப் பாரு. இதே மாதிரி ஒண்ணு வாடகைக்கு அங்க இருக்கு. காதுமூடியை மறக்காதே. இருபது தோட்டா சுட்டும் மணிக்கட்டு வலிக்கலைன்னா வாங்கு. வலிச்சா வேண்டாம்.

— சரிக்கா. அண்ணே, நீ வரலையா?

— நீ போ. எனக்கு அந்தச் சத்தமெல்லாம் பழகினதுதான்.

— …போயிட்டா. என்ன வெர்லன், கதவையே பார்த்துட்டிருக்கே?

— இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா, அக்கா?

— எதே மாதிரி?

— அந்த… இலேசா வர்றது. பெர்னிஸுக்கு.

— உன் பொண்டாட்டி கன்னுக்குட்டியை ஒத்தைக் கையால இழுத்துக் கட்டுறவ. அவளுக்கு எதுக்கு இலேசானது?

— மெதுவாப் பேசுங்க. என் கை ரெண்டும் போன குளிர்காலத்துலேருந்து வீங்கியே கிடக்கு. காலையில சட்டைப் பொத்தானையே அவதான் போட்டு விடறா. வீட்டுல இருக்கிறதுல ஒண்ணைக்கூட என்னால இழுக்க முடியல.

— அப்ப இந்தா, படிவம். பெர்னிஸ் பேரை விட்டுடு. முதல் கேள்வி மேலயே இருக்கு.

— ஆமான்னு போட்டுட்டேன்.

— ஒண்ணு மட்டும் கேக்குறேன், நீயும் இன்னிக்கே அவசரமா வாங்குறியே. வெள்ளிக்கிழமை பயம் அவளுக்கு, சரி. ரஸல் உன்னை எதுக்குத் தேடி வரப்போறான்? போலீஸுக்குச் சொன்னது கிழவிதானே?

— பெர்க்கின்ஸ் கிழவிக்கு ரெண்டு காதும் கேட்காது, அக்கா. கோர்ட்டுக் காகிதத்துல இருக்கிறது என் பேரு. ரஸல் அதைப் படிச்சிருக்கான், தங்கச்சி படிக்கல. அன்னிக்கு நான் அவ வாசல்லதான் வண்டியை நிறுத்தியிருந்தேன், சீட்டுக்கு அடியில துப்பாக்கியும் இருந்தது. அவ கத்தினது கேட்டுச்சு. நான் வண்டிக் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்துதான் போன் பண்ணேன்.