தரையோடு திருகிய நாற்காலி

பெயர்: வீரம்மா, தந்தை பெயர் சன்னாசி. வயது 43. தொழில்: பள்ளிக்கூடத் துப்புரவு வேலை, குத்தகையாளரிடம். முகவரி: சுங்கை சிப்புட் அருகே பழைய ரப்பர் தோட்டம், லயன் வீடு எண் 14. அடையாள அட்டை பார்த்து எண் குறித்துக்கொள்ளப்பட்டது. 15.10.2024 செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்குப் போலீஸ் சார்ஜன் தர்மாவிடம் தமிழில் சொன்னது.

நான் மேற்கண்ட விலாசத்தில் கணவர் மகேந்திரன், மகள் பிரதீபாவுடன் குடியிருக்கிறேன். கணவர் லோரி ஓட்டுகிறார். பிரதீபாவுக்கு வயது பன்னிரண்டு. அவளுக்குப் பிறவியிலேயே பேச்சு இல்லை. சுவரைப் பிடித்து நடப்பாள், கொஞ்ச தூரம் போனால் தூக்க வேண்டும், ஓரிடத்தில் உட்கார மாட்டாள். என் வேலை காலை ஏழு முதல் ஒன்று வரை என்பதால் சென்ற ஆண்டிலிருந்து அவளைச் சிறப்புப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் விட்டு வந்தேன். அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஆசிரியை விமலாதேவி. அங்கே ஏழு பிள்ளைகள். நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வந்தால் எழுந்து நிற்போம்.

இந்த ஆண்டு ஆடி மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வேண்டுதல் வைத்து, 02.08.2024 வெள்ளிக்கிழமை பிரதீபாவின் இடது கையில் மஞ்சள் காப்பு கட்டினேன். பத்தாம் நாள் பால்குடம் முடியும்வரை காப்பை அவிழ்க்கக் கூடாது. நான்காம் நாள் அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. மறுநாள் டீச்சரிடம் கேட்டதற்கு, காப்புக் கயிறுதான் அறுக்கிறது, படிக்காதவர்கள் மாதிரி பிள்ளையின் கையை இப்படிக் கட்டி வைக்கலாமா என்று மற்ற தாய்மார் முன்னிலையில் என்னைத் திட்டினார். நான் அதை நம்பினேன். அன்று மாலையே கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் கத்தரிக்கோலால் காப்பை அறுத்து, தெரியாமல் செய்துவிட்டேன் தாயே என்று விழுந்து கும்பிட்டேன். இந்த ஆண்டு பால்குடம் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் கழித்துக் குளிப்பாட்டும்போது அவளுடைய வலது கையிலும் அதே போல் சிவந்த வளையம் கண்டேன். வலது கையில் நான் எதுவும் கட்டவே இல்லை. நிலையத்தில்தான் பிள்ளையின் இரண்டு கையையும் கட்டுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேண்டுதலை என் கையாலேயே அறுக்க வைத்து, அந்தப் பழியையும் டீச்சர் என் தலையில் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் மீது வஞ்சம் உண்டு. இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு, அந்த நிலையத்தில் வேலை பார்த்து ஜூலையில் நின்றுவிட்ட ஐவி என்ற பெண்ணைச் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் பார்த்துக் கேட்டேன். ஸ்டோர் அறையில் ஒரு நாற்காலி தரையோடு திருகி வைத்திருக்கிறது, அடங்காத பிள்ளையை ஒன்பது மணிக்குப் பாத்தேக் என்ற பூப்போட்ட சாயத் துணியால் அதில் கட்டினால் பன்னிரண்டரைக்குத்தான் அவிழ்ப்பார்கள், அதிகம் உட்கார்ந்தது பிரதீபாதான் என்று அவர் சொன்னார். போலீஸில் சொல்ல வருவாயா என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து கேட்டாங்கன்னா தெரியாதுன்னுதான் சொல்லுவேன்க்கா. எனக்கு வேற இடத்துல வேலை வேணும்லா. கோர்ட்டுல கூப்பிட்டா வாரேன். அங்க நின்னு பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

19.08.2024 அன்று நான் இதே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அதன் பிறகு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது ஸ்டோர் அறையில் பாய்களும் அரிசி மூட்டைகளும் கூரை வரை அடுக்கியிருந்ததாகவும், நாற்காலி எதுவும் இல்லை என்று டீச்சர் சொன்னதாகவும் அறிந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். பிள்ளை வாய் திறந்து சொல்ல முடியாது, நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதால் மேல் நடவடிக்கை இல்லை என்று செப்டம்பரில் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. பிரதீபாவை நான் நிறுத்திவிட்டேன். மற்ற ஆறு பிள்ளைகள் இன்று வரை அங்கேதான் போகிறார்கள்.

அதன் பிறகு அக்டோபர் 12 சனிக்கிழமை அங்கே பெற்றோர் கோத்தோங் ரோயோங் என்று கேள்விப்பட்டேன். எல்லாரும் எட்டரைக்கு வந்து இடத்தைக் கூட்டிக் கழுவுவது வழக்கம். கழுவுவதற்காக முதல் நாளே ஸ்டோர் சாமான்களை வெளியே எடுத்துவிடுவார்கள், மற்றவர்கள் வருமுன் டீச்சரே வந்து ஸ்டோரைக் கழுவிப் பூட்டிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். நான் ஏழரைக்கே போய்விட்டேன். ஸ்டோர் கதவு திறந்திருந்தது. நாற்காலியை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் அளவு மர நாற்காலி, நான்கு காலிலும் இரும்புப் பட்டை வைத்துச் சிமெண்டுத் தரையில் திருகியிருந்தது. இரண்டு கைப்பிடியிலும் சாயம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் பாத்தேக் துணி நீள நீளமாகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது.

டீச்சர் உள்ளே வந்ததும் நான் கதவைச் சாத்தினேன். உட்காருங்கள் என்றேன். அவர் மறுக்கவே, இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தேன். பன்னிரண்டு வருடம் பிள்ளையைத் தூக்கிய கை என்பதால் எனக்கு அது கஷ்டமாக இல்லை. அதன் பிறகு ஆணியில் இருந்த துணியை எடுத்து இரண்டு மணிக்கட்டையும் கைப்பிடியோடு கட்டினேன். அடிக்கவில்லை, வாயைக் கட்டவில்லை. அவர் முழங்கால் நெஞ்சுவரை வந்துவிட்டது. கெஞ்சினார்.

"டீச்சர், மூணரை மணி நேரம்தான். எம்மக உக்காந்த நேரம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

கேள்வி: ஆத்திரத்தில், யோசிக்காமல் செய்ததா?

பதில்: இல்லை. நான்கு நாள் யோசித்துச் செய்தேன். அவர் அழுதபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் மகளுக்குச் சத்தம் வராது. இவருக்குச் சத்தம் வந்தது, எட்டரைக்குள் ஆள் வந்துவிட்டது. மூன்றரை மணி நேரம் கிடைக்காமல் ஐம்பது நிமிடத்தில் முடிந்துபோனது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

முதலில் வந்தவர் சதாசிவம். அவருடைய மகனும் அங்கேதான் இருக்கிறான். அவர் டீச்சரை அவிழ்க்கக் குனிந்தவர், நாற்காலிக் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இந்த நாற்காலிய ஏன் தரையில ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். முதலில் அவிழ்த்துவிடுங்கள் என்று டீச்சர் கத்தினார். அதன் பிறகு சதாசிவம் அவிழ்த்துவிட்டார். பின்னால் வந்த பெற்றோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

டீச்சர் கோபத்தில் அங்கிருந்தே போலீஸை அழைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என்னைக் கட்டிய நாற்காலி இதுதான் என்று அவரே கைநீட்டிக் காட்ட, நீங்கள் படம் எடுத்து, திருகுகளைக் கழற்றி, நாற்காலியையும் துணியையும் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோனீர்கள். ஆகஸ்டில் இல்லாத நாற்காலி அக்டோபரில் முளைத்துவிட்டது. என்னைக் கைது செய்து மாலை ஜாமீனில் விட்டீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டீச்சருடைய கணவர் ஸ்கந்தராஜா ஈப்போவிலிருந்து காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, ரெண்டு பக்கமும் புகாரை மீட்டுக்கொள்ளலாம். நீங்க உள்ள போயிட்டா இந்தப் பிள்ளையை யார் பார்க்கிறது?" என்றார்.

வழக்கு இல்லையென்றால் சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாமே என்றும் கேட்டார். அவர் எதற்கு வந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நானும் கணவரும் அன்றே பேசி முடிவு செய்துவிட்டோம். எனக்குத் தண்டனை என்றால் அவர் லோரியை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பிரதீபாவைப் பார்த்துக்கொள்வார். பிள்ளையை விட்டுப் பிரிந்து நான் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனாலும் நான் எதையும் மீட்டுக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா?

பதில்: தெரியும். அதனால்தான் ஒன்றையும் விடாமல் சொல்லுகிறேன். என் மகள் பேச மாட்டாள், அவளை யாரும் நம்பவில்லை. என்னையாவது நம்புங்கள். நான் கட்டினேன் என்று நிரூபிக்க அந்த நாற்காலியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐவியைக் கூப்பிடச் சொல்வேன், சதாசிவத்தைக் கூப்பிடச் சொல்வேன். அந்த நாற்காலி எதற்கு என்று டீச்சரிடம் எல்லார் முன்னிலையிலும் கேட்கச் சொல்வேன். அதற்கு எத்தனை மாதம் கொடுத்தாலும் போய் இருந்துவிட்டு வருகிறேன்.

இதைச் சார்ஜன் தர்மா எனக்கு வாசித்துக் காட்டினார். "மர நாற்காலி" என்று எழுதியிருந்த இடத்தில் "பிள்ளைகள் அளவு மர நாற்காலி" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். செய்ததை இல்லை என்று எங்கேயும் சொல்ல மாட்டேன்.

(கையொப்பம்) ச. வீரம்மா