குணமானவளோட புகார்

இல்ல மேடம், எனக்கு ஒண்ணுமில்ல, நான் கல்லு மாதிரி இருக்கேன். புகார் என் மகளுக்காக. வயசா? இருபத்தி நாலு. புகார் ஃபாரத்துல நோய்ங்கிற கட்டத்துல என்ன எழுதுறதுன்னா கேக்குறீங்க? புகாரே அதான் மேடம்! ஒன்பது வயசுல ரத்தப் புற்றுநோய். இங்கதான் ரெண்டு வருஷம் மருந்து ஏத்தி, குணமாயிடுச்சுன்னு அனுப்பி வச்சீங்க. குணமானவ உக்கார உங்க ஆஸ்பத்திரியில ஒரு நாற்காலி கூட இல்ல.

சிரிக்காதீங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு கூட்டிட்டு வந்தேன். பழைய ஃபைல் குழந்தைங்க வார்டுல இருக்குன்னாங்க. போனா, சுவரெல்லாம் மீனு, ஒட்டகச்சிவிங்கி, முழங்கால் உசரத்துக்கு பெஞ்சு. நர்ஸம்மா எங்களுக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, குழந்தை எங்கன்னு கேக்குறாங்க. இவ கையத் தூக்கி, நான்தாங்கிறா. சரி, பெரியவங்க பிரிவுக்குப் போங்கன்னாங்க. அங்க, குணமானவங்கள நாங்க பாக்குறதில்லையாம். அப்போ திரும்ப நோய் வந்தாத்தான் பாப்பீங்களான்னேன். ஆமா சார்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க.

வருஷா வருஷம் உங்க விழாவுக்கு மட்டும் மறக்காம கூப்பிடுறீங்களே, அது எந்தப் பிரிவு? நோயை வென்றவர்னு பட்டை மாட்டி மேடையில ஏத்துறீங்க. போன தடவை ஆறு படி ஏறுறதுக்குள்ள அவளுக்கு முகம் வெளுத்துப் போச்சு. வீடியோ பாத்த சொந்தக்காரங்க, ஆனந்தத்துல மூச்சு முட்டிருச்சுன்னாங்க.

கடைசியா இதய டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு சொன்னார், உயிரக் காப்பாத்தின அதே மருந்துதான் இதயத்தத் தளர வச்சிருக்காம். வருஷா வருஷம் பாத்திருந்தா ஆரம்பத்துலயே மாத்திரை குடுத்து இவ்வளவு தூரம் போகாம பாத்திருக்கலாமாம். இப்போ பாதி பலம்தான் இருக்காம். என் மக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அன்னிக்கே ஏன் ஒருத்தரும் சொல்லலன்னு. அத எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க.

என்னது? வீட்டுக்கு அனுப்பும்போது மஞ்சள் அட்டை ஒண்ணு குடுத்தாங்களாவா? அதுக்கும் கட்டம் இருக்கா?

குடுத்தாங்க மேடம். வருஷம் ஒருதடவை இதய ஸ்கேன், வாழ்நாள் முழுக்கன்னு போட்டிருந்துச்சு. அன்னிக்கு அவளுக்கு ரெண்டு விரல் அளவு முடி வளந்திருந்துச்சு. சீப்பு வாங்கித் தாப்பான்னு குதிச்சுக்கிட்டு முன்னாடி ஓடுறா. வாழ்நாள் முழுக்கங்கிறத அவ அம்மாவுக்குப் படிச்சுக் காட்ட எனக்கு வாய் வரல. பஸ் ஸ்டாப்புலயே கிழிச்சுப் போட்டுட்டேன்.

எழுதிக்கோங்க, பரவால்ல. சத்தமா மட்டும் திருப்பிப் படிக்காதீங்க. மக வெளியதான் உக்காந்திருக்கா.