பதினோரு இடத்தில் நின்ற ஏசி

— மூணு தடவை உங்க கார ஓட்டிப் பாத்துட்டேன் டீச்சர். வத்தலக்குண்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்புனேன். ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி காத்து வருது. ஒரு தடவையாச்சும் ஏசி நிக்கணுமே!

— அப்ப நான் பொய் சொல்றேனா நூர் பாய்?

— அல்லாவே, அப்புடிச் சொல்வேனா? எனக்கு நிக்க மாட்டேங்குது, உங்களுக்கு நிக்குது. அதேன் இன்னைக்கு நானும் பின்னால ஏறி உக்காந்துட்டேன். எப்பயும் போறாப்புல மதுரை ரோட்ல விடுங்க. அண்ணன் எப்பயும் உக்கார்ற முன் சீட்லயே உக்காரட்டும்.

— அண்ணன் வேற எங்குட்டுப் போகப் போறேன் பாய்? நெல்லு மூட்டையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்கா. இருக்கேன்.

— காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க.

— ஆரம்பிக்கல ரோசி, முடிக்கிறேன். பாய், கேட்டுக்கங்க, நீங்கதான் சாட்சி. இதுதான் கடைசி வாரம்னு நேத்தே சொல்லிட்டேன். வாதம் வந்து ஏழு மாசம். வாரத்துக்கு ரெண்டு நாளு மதுரைக்குப் போறோம், ஒரு பொண்ணு இந்த எடது கால நீட்டி மடக்கி விடுது. கையி கொஞ்சம் அசைஞ்சுச்சு. காலு? இந்தா கெடக்கு, கட்ட கணக்கா. போன வாரம் இந்தக் கத்திரி வெயில்ல ஏசி நின்னுபோயி, நான் மயங்கி இவ மேல சாஞ்சதுதான் மிச்சம்.

— அதுக்குத்தான பாயக் கூட்டிட்டு வந்துருக்கேன். ஏசி சரியாயிட்டா வருவீங்கல்ல?

— ஆகட்டும், பாப்போம்.

— வருவேன்னு சொல்லுங்க.

— பாய், இவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள இப்புடித்தான் பாடாப் படுத்துவா போல.

— ரெண்டு பேரும் செத்த இருங்க. டீச்சர், நீங்க எழுதிக் குடுத்த நோட்டப் படிச்சேன். இம்புட்டுச் சுத்தமா எந்தக் கஸ்டமரும் எழுதுனதில்ல. பேகம்பூர் திருப்பம், சின்னாளபட்டி பிரிவு, கொடைரோட்ல ரெண்டு எடம், வாடிப்பட்டி வேகத்தடை... மொத்தம் பதினோரு எடம். நேர் ரோட்ல ஒண்ணுகூட இல்ல.

— அதுலேர்ந்து என்ன தெரியுது?

— வண்டி மெதுவாகுற எடமா இருக்கு. முன்னால இருக்குற ஃபேன் சுத்தலேன்னா அப்புடி ஆகும். ஆனா ஃபேன் ஜம்முனு சுத்துது. கேஸ் பாத்தேன், அளவா இருக்கு. கம்ப்ரசருக்குன்னு ஒரு கிளட்ச் இருக்கு, சூடேறுனா அது ஒட்டாம நின்னுக்கும். பழைய வண்டியில அது வாடிக்கை. அதையும் பிரிச்சு, இடைவெளியக் கொறச்சு மாட்டிட்டேன். பெல்ட்டும் டைட்டா இருக்கு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. வண்டி ஓட்டையில உங்க கையோ முட்டியோ தெரியாம ஏசி சுவிட்சுல படுமோ?

— நான் ஸ்டியரிங்க விட்டுக் கையெடுத்தாத்தான பாய்?

— அது நெசம். ரெண்டு கையாலயும் கழுத்தப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சிருப்பா. பதினோரு வருச வண்டி பாய் இது, என்னைய மாதிரி ஆயிப்போச்சு. வித்துருவோம்னா கேக்க மாட்டேங்கிறா.

— வண்டிய வாங்க ஆளு வரும். உங்கள யாரு வாங்குவா?

— கேட்டீங்களா பாய், கேட்டீங்களா! ஏ, ஏ, முன்னால பாரு. பூ வேன்காரன் திடீர்னு நிறுத்துறான். கியரக் கொற!

— தெரியுது, தெரியுது!

— கிளட்ச்ச முழுசா மிதி! பாதி மிதிச்சா... போச்சு. கியர் பாக்ஸ் கதறுறது கேட்டுச்சா பாய்? இருபத்தெட்டு வருசம் பஸ் ஓட்டுனேன். ஒரு நாளு இந்தச் சத்தம் வந்ததில்ல.

— அண்ணே, செத்த நேரம் சும்மா இருங்க. டீச்சர், ஏசி நின்னுருச்சு.

— சொன்னேன்ல! இந்தா, கையக் காட்டுங்க, காத்து சூடா வருது.

— மாஷா அல்லா! இப்பத்தான் நோயி மொகத்தக் காட்டுது. அந்தப் புளிய மரத்தடியில ஓரங்கட்டுங்க. எஞ்சின அணைச்சுராதீங்க. நான் எறங்கி பானெட்டத் தூக்கிப் பாக்குறேன்.

— பாய் என்ன பண்றாரு ரோசி? எனக்கு இங்கேர்ந்து தெரியல.

— குச்சிய வச்சு எதையோ தட்டுறாரு. மொகத்த இங்கிட்டுத் திருப்புங்க, வேர்வையத் தொடைக்கிறேன்.

— ரோசி.

— ம்.

— நாப்பத்தொம்போது வயசுல எனக்காக வண்டி கத்துக்கிட்ட. லைசென்சுக்கு மூணு தடவை போயி நின்ன. நான் திட்டுறேன்னு மனசுல வச்சுக்காத.

— திட்டுங்க. நீங்க பேசாம வர்ற அன்னைக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு.

— அந்தக் காலு எனக்கு இருக்குங்கிற நெனப்பே போயிருச்சு. அதுக்குப் போயி நீ வெயில்லயும் புழுதியிலயும் அலையிறத எத்தன நாளைக்குப் பாக்குறது? அதேன் போதும்ங்கிறேன்.

— போதும்னு நான் சொல்லலையே.

— டீச்சர்! மறுபடி ஓடுது. நான் ஒண்ணும் பண்ணல, தானா ஓடுது. இருங்க, உங்க கண்ணாடிப் பக்கமே வாரேன். நிக்கிறதுக்கு முன்னால சரியா என்ன பண்ணுனீங்க?

— வேன் நின்னுச்சு, மூணுலேர்ந்து ரெண்டுக்கு மாத்துனேன்.

— அம்புட்டுத்தானா?

— அம்புட்டுத்தான். இவரு கத்துனாரு.

— நோட்டுல இருக்குற பதினோரு எடமும் கியர் மாத்துற எடம். நானும் அங்கெல்லாம் மாத்தித்தான் ஓட்டுனேன், எனக்கு நிக்கல. நான் போகையில வண்டியில என்னையத் தவிர வேற ஆளு இல்ல. அண்ணே, உங்க பக்கத்துக் கதவத் தொறக்குறேன். குளிரக் குடுக்குற பொட்டி உங்க காலுக்கு மேலதான் இருக்கு. குனிஞ்சு பாத்துக்கிறேன்.

— தாராளமாப் பாருங்க. ஒதைக்க மாட்டேன்.

— அட! இந்தா தொங்குது பாருங்க. கம்ப்ரசருக்குக் கரண்ட் போற ஒயரு. முன்னாடி எவனோ பிரிச்சுட்டு, கிளிப்ப மாட்டாம விட்ருக்கான். லேசா அழுத்துனா விட்டுப்போகுது, கைய எடுத்தா ஒட்டிக்கிது. டீச்சர், இதுல கருப்பா ஒட்டியிருக்கே, இது ஷூ பாலிஷ். அண்ணன் ஷூதான் வந்து படுது.

— அது எப்புடிப் படும் பாய்? நாந்தான் காலத் தூக்கி இந்தப் போர்வை மேல வைக்கிறேன். வச்ச எடத்துலதான் கெடக்கும்.

— வண்டி குலுங்கையில நகண்டிருக்கும் பாய். செத்த காலு, எங்குட்டுத் தள்ளுனாலும் போகும்.

— குலுங்குற ரோட்ல நிக்கலையே அண்ணே. கியர் மாத்தையிலதான நிக்குது? டீச்சர், நீங்க எறங்கி இங்கிட்டு வாங்க. இந்த டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு, ஒயர்ல எந்த எடத்துல படுதுன்னு கண்ண எடுக்காமப் பாருங்க. நான் உங்க சீட்ல உக்காந்து உங்கள மாதிரியே கியர் போடுறேன்.

— என்னைய மாதிரின்னா?

— கோவிச்சுக்காதீங்க. பாதிக் கிளட்ச்சுல.

— யோவ் பாய்! ரிவர்ஸ் கியர இப்புடியா குத்துவ? நீயுமா? கிளட்ச்ச மிதிய்யா, மிதி!

— டக்குன்னு கம்ப்ரசர் நின்னது கேட்டுச்சா? டீச்சர், எங்க பட்டுச்சு? டீச்சர்? அய்யய்யோ, ஏன் அழுகுறீங்க? ஷாக் எதும் அடிச்சுருச்சா?

— பாய், இன்னொருக்க அதே மாதிரி போடுங்க.

— கியர் பல்லு போயிரும் டீச்சர்.

— போனாப் போகுது. போடுங்க!

— மிதிங்கிறேன்ல பாய், காதுல விழல? ஏ ரோசி, எதுக்கு என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுகுற? விடு, ரோட்ல போறவுக பாக்குறாக.

— என்னங்க, கிளட்ச்ச மிதிக்கிறது நீங்க.

— நானா? நான் பாட்டுக்குச் செவனேன்னு உக்காந்திருக்கேன்.

— ரெண்டு தடவையும் பாத்தேன். கியர் சத்தம் கேட்டதும் உங்க எடது காலு முன்னால போயி ஒயர அழுத்துது.

— அது இழுப்பு. நரம்பு தானா வெட்டி வெட்டி இழுக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? வீணா ஆசைய வளக்காத.

— இழுப்புக்குக் கியர் சத்தம் தெரியுமாண்ணே? பதினோரு எடத்துல தெரிஞ்சிருக்கே!

— பாய், நீங்க கையத் தூக்குங்க. இப்ப யாரும் கியரத் தொடல. என்னங்க, நீங்களா மிதிங்க.

— வரலடி.

— நீங்க இன்னும் மிதிக்கவே இல்ல.

— மிதிக்கிறேன், வரல. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்ல ரோசி.

— கால நெனைக்காதீங்க. பஸ்ஸ நெனைங்க. கொடைக்கானல்லேர்ந்து எறங்குறீங்க. வண்டி நெறைய சனம். வளைவுல மாடு நிக்குது.

— எந்த வளைவு?

— டம்டம் பாறைக்கு மேல, கொண்டை ஊசி.

— அங்க மூணாவதுல எறங்கக் கூடாது. ரெண்டுக்கு வந்துரணும்.

— அப்ப வாங்க. ரெண்டுக்கு வாங்க.

— இரு... இரு...

— டக்குன்னுச்சு! டீச்சர், நின்னுருச்சு! நான் எதையும் தொடல, என் ரெண்டு கையும் மேல இருக்கு!

— இப்ப விடுங்க. மெதுவா. சனம் நிக்கிது வண்டியில, மெதுவா விடுங்க.

— ஓடுது டீச்சர். ஓடுது.

— ரோசி, நாந்தான் விட்டேன். அது தானா வரல. கால விடுறப்ப எனக்குத் தெரிஞ்சுச்சு.

— தெரியும். நான் காலப் பிடிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்.

— அண்ணே, நீங்களும் அழுதா நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு பேரும் தண்ணியக் குடிங்க, வெயில் ஏறுது. ரெண்டே நிமிசம், இந்த ஒயர மேல தூக்கி இழுத்துக் கட்டிர்றேன். இனி மதுரை போற வரைக்கும் ஏசி ஒரு எடத்துல நிக்காது.

— தொடாதீங்க பாய். அது அங்கனயே தொங்கட்டும், அவரு நிறுத்தி நிறுத்தியே வரட்டும்.