அழகுநாச்சி நெருப்புக்குப் போன கதை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, தீப்பெட்டி நம்ம பக்கம் தலைகாட்டுன புதுசுல, இதே ஓடைக்குளத்துல அழகுநாச்சின்னு ஒரு பொம்பள இருந்தாகளாம். எங்க பூட்டனைப் பெத்த ஆத்தா. வெத்தலையைப் போட்டுக்கிட்டுக் கேளுங்க சம்பந்தி. சந்தேகம்னா நடுவுல நிறுத்திக் கேளுங்க, கொட்டாவி மட்டும் விட்டுராதீக.

அப்பெல்லாம் நெருப்புன்னா அடுத்த வீட்டுல வாங்குறதுதான். விடிஞ்சதும் கையில ஒரு வரட்டி. எந்த வீட்டுக் கூரையில புகை தெரியுதோ அங்க போகணும். ஒரு கங்கு வாங்கி வரட்டியில வச்சு, ஊதிக்கிட்டே வந்து நம்ம அடுப்புல போடணும். சும்மா வாங்கிட்டு வந்துர முடியுமா? மாடு கன்னு போட்டுச்சா, மருமக மாசமா இருக்காளா, எல்லாம் கேட்டுட்டுத்தான் வரணும்.

அழகுநாச்சிக்கு ஊர்ல ஒரு உரிமை இருந்துச்சாம். அய்யனார் பொங்கல் அன்னைக்குக் கோயில் வாசல்ல வீட்டுக்கு ஒரு அடுப்புக் கூட்டுவாக. எந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடுன்னு வரிசை மாறாம, தலைக்கட்டுப் பேரை, அதான் வீட்டுக்கு மூத்த ஆம்பள பேரைச் சொல்லிக் கூப்பிடுறது அவுகதான். அவுக கூப்பிட்டாத்தான் அந்த வீட்டு அடுப்புல தீ. பேரு தப்புனா அந்த வீட்டுக்கே அவமானம். எல்லாம் மனசுலயே வச்சிருந்தாகளாம் மகராசி.

மூத்த மகன் ராக்கப்பன் நாலு காசு பார்த்தான். பார்த்ததும் ஆத்தாவைக் கட்டில்ல உக்கார வச்சுட்டான். "நீ ஒழைச்சது போதும் ஆத்தா. உக்காரு." தண்ணி எடுக்கப் போனா மருமக செல்லி குடத்தைப் புடுங்குவா. கீரை ஆயப் போனா முறத்தைப் புடுங்குவா. நெருப்பு? அதுக்கும் டவுன்ல இருந்து தீப்பெட்டி வந்துருச்சு. பாசம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனா எங்க பூட்டன் செஞ்ச மடத்தனத்தை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?

உக்காந்தாக, உக்காந்தாக, உக்காந்துக்கிட்டே இருந்தாகளாம். பேச்சுக் கொறஞ்சுச்சு. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டாகளாம். அந்த வருசப் பொங்கலுக்கு எந்திரிச்சு நின்னு, "வீரணன் வீடு"ன்னு கூப்பிட்டாகளாம். வீரணன் செத்து ஆறு மாசம். எழவு வீட்டுல இவுகளும் உக்காந்து அழுதிருக்காக. வீரணன் பொண்டாட்டி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு விம்முனாளாம்.

பங்காளி சேவுகன் விடுவாரா? "ஆத்தாவுக்கு அறிவு மழுங்கிப் போச்சு. அடுத்த வருசமும் தப்புனா உரிமை எங்க வீட்டுக்கு வரணும்"னாராம். ஊரும் சரின்னு தலையாட்டிருச்சு.

வீட்டுக்கு வந்து அழகுநாச்சி செல்லி கையைப் பிடிச்சுக்கிட்டாகளாம். "எனக்குப் பயமா இருக்கு தாயி. உள்ள ஒவ்வொரு வீடா இருட்டாகிட்டே வருது."

அப்ப அடைமழை. தீப்பெட்டி நமுத்துப் போச்சு. செல்லி வரட்டியை எடுத்தா. அழகுநாச்சி அதை வெடுக்குனு புடுங்கிக்கிட்டு இறங்கிட்டாகளாம். முதல்ல வீரணன் வீடு. அவன் பொண்டாட்டி கிட்ட, "நான் தப்பாக் கூப்பிட்டுட்டேன்டி, மன்னிச்சுக்க"ன்னு உக்காந்து அழுது, கங்கு வாங்கி, அவ மகன் பேரைக் கேட்டுக்கிட்டு வந்தாகளாம். மறுநாள் எந்திரிச்சதும் செல்லிகிட்ட சொன்னாக: "அவன் பேரு முனியாண்டி. நெத்தியில தழும்பு இருக்கு." செல்லி அசந்து போனாளாம்.

மழை விட்டுச்சு, இவுக விடல. தெனமும் ஒரு வீடு. ராக்கப்பனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"வீடு நெறையத் தீப்பெட்டி வாங்கிப் போட்டிருக்கேன். நெருப்புக்குக் கையேந்துறியே, ஊரு சிரிக்குது ஆத்தா."

"சிரிக்கட்டும்டா. கருக்கருவாளைக் கூரையில செருகியே வச்சா என்ன ஆகும்?"

"துருப்பிடிக்கும்."

"பெத்தவளை நீ செருகி வச்சுட்டியேடா."

அதுக்கப்புறம் அவன் ஆத்தாவைத் தடுக்கலையாம். ஆனா அவன் அடுப்புக்குத் தீக்குச்சிதான். ஆத்தா கொண்டு வந்த கங்குல ஆத்தா மட்டும் தனியா ஒலை வச்சுக்கிட்டாக. தண்ணி எடுத்தாக, கீரை ஆஞ்சாக, சந்தைக்கு நடந்து போயி வெங்காயத்துக்குப் பேரம் பேசுனாக. எல்லாம் முழுசாத் திரும்பிருச்சுன்னு புளுக மாட்டேன். சில நாள் முச்சந்தியில நின்னு, "எந்தப் பக்கம் வந்தேன்?"னு கேட்பாகளாம். வழி கேட்டுக்கிட்டு மறுபடி நடப்பாக.

வந்துச்சு அடுத்த பொங்கல். ஊரே கூடி நிக்குது. அழகுநாச்சி ஆரம்பிச்சாக. முதல் வீடு, அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடு. "முனியாண்டி வீடு"ன்னாக. வீரணன் பொண்டாட்டி மகனை முன்னால தள்ளிவிட்டு நிமுந்து நின்னாளாம். போன வாரம் பாகம் பிரிச்சுத் தனி அடுப்பு வச்ச அண்ணன் தம்பியைக்கூடத் தனித்தனியாக் கூப்பிட்டாக. ஊர்ப் பெரியாளுகளுக்கே அது தெரியாதாம்.

கடைசியாச் சொந்த வீடு. ராக்கப்பன் தீப்பெட்டியோட குந்தியிருக்கான். ஆத்தா வாயை மூடிக்கிட்டாக.

சேவுகன் எந்திரிச்சாரு. "பாத்தீகளா, பெத்த மகன் பேரே மறந்து போச்சு."

"மறக்கல சேவுகா. அவன் ராக்கப்பன். பொறந்தப்ப அழாமக் கெடந்தான். உங்காத்தாதான் முதுகுல தட்டி அழ வச்சா. ஆனா இந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் நெருப்புக் கேக்காத அடுப்பை நான் எந்த வரிசையில சேக்கிறது?"

ராக்கப்பன் எந்திரிச்சான். தீப்பெட்டியைக் கீழ வச்சான். ஒரு வரட்டியை எடுத்தான். நேரா சேவுகன் அடுப்புக்கே போனான். "அண்ணே, ஒரு கங்கு குடுங்க."

சேவுகனும் மனுசன்தானே. நல்லாக் கனிஞ்ச கங்காப் பாத்து எடுத்து வச்சு, அவரே ஊதியும் குடுத்தாராம்.

அப்புறம்தான் கண்மாய்க்கரை வரைக்கும் கேக்கிற மாதிரிக் கூப்பிட்டாகளாம்: "ராக்கப்பன் வீடு."

அன்னைக்கு இருந்து பொங்கல் அன்னைக்கு இந்த ஊர்ல எவனும் தீக்குச்சி உரச மாட்டான், சம்பந்தி. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்தாச்சு, ஆனாலும் வயசானவக விடிஞ்சதும் தெனம் ஒரு வீட்டுக்குக் கெளம்பிருவாக. அவுகளைப் பாத்தா நாங்க "நல்லாருக்கீகளா"ன்னு கேக்க மாட்டோம். "நெருப்புக்குப் போயாச்சா"ன்னுதான் கேப்போம். அவுககிட்ட இருந்து குடத்தைப் புடுங்குறவனை ஊரு ஒரு மாதிரியாப் பாக்கும்.

இப்பப் பொங்கலுக்குப் பேரு கூப்பிடுறது எங்க சின்னாத்தா. எம்பது தாண்டியாச்சு. உங்க மக இங்க தனி அடுப்பு வச்ச மறுநாளே கதவைத் தட்டுவாக. உக்காருங்கன்னு சொல்ல வேணாம், ரெண்டு வெங்காயத்தைக் கையில குடுத்து உரிக்கச் சொல்லட்டும் உங்க மக. உரிச்சுக்கிட்டே அந்த அடுப்பை எந்தப் பேருல கூப்பிடணும்னு கேட்டுக்கிருவாக. பொங்கல் அன்னைக்கு அவுக வாயால அந்தப் பேரு வந்துட்டா, அது ஓடைக்குளத்து வீடு.