கிற்றாரின் முதுகில் ஒரு கீறல்

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில், கண்ணாடி போட்ட ஒருவர் பழைய கிற்றார் ஒன்றை மடியில் வைத்திருந்தார். அடுத்த வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நெல்லியடி நெருங்கும்போது கேட்டார்.

“தம்பி, உதின்ரை முதுகிலை என்ரை சீலை ஊசி கீறின கோடு கிடக்கோ?”

அவர் கிற்றாரைத் திருப்பிப் பார்த்தார். நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது.

“கிடக்கு அக்கா! அந்தக் காலத்துப் பொப் பாட்டுக்காரர் ஒருத்தற்றை கிற்றார் எண்டுதான் தந்தவை. உள்ளுக்கு அவற்றை கையெழுத்தும் இருக்கு. எண்டாலும் நான் முழுசா நம்பேல்லை.”

“அவற்றைதான். முதல் இசைத்தட்டுக்குப் பாடப் போகேக்கை வான் வண்டியிலை வைக்க இடமில்லை. நான்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போனனான்.”

“அப்ப, அதிலை கூடப் பாடுற பொம்பிளைக் குரல்?”

“என்ரைதான். வீட்டிலை ஏசுவினம் எண்டு பேர் போட வேண்டாமெண்டிட்டன்.”

“பிறகேன் பாடேல்லை?”

“கலியாணம் முடிச்சிட்டன். மனிசனுக்கும் பிள்ளையளுக்கும் இண்டைவரைக்கும் தெரியாது.”

கண்ணாடிக்காரர் அந்த இசைத்தட்டுப் பாட்டின் மெட்டை மெதுவாக வாசித்தார். அந்த அம்மா முதலில் உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு குரல் வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நெல்லியடி இறங்கிறாக்கள் வாங்கோ!” என்று கொண்டக்டர் கூப்பிட்டார்.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார்.

“நான் அடுத்த தரிப்பிலை இறங்கிறன். நீர் வாசியும்.”