கிழட்டுக் கிடா இல்லாத மலை

அப்படி ஒத்த வரியில கேட்டா நான் என்னன்னு சொல்றது தங்கச்சி? கெழட்டுக் கிடாவைச் சுடறதாலதான் காட்டாடு கொறையுதா, ஆமாவா இல்லையா. ஆடு எண்ண வந்த ஒங்க காகிதத்துல ரெண்டே கட்டம் போட்டிருக்கு. மொதல்ல டீயைக் குடிங்க. ஆறிப்போனா யாக் வெண்ணெ மேல ஏடு கட்டிக்கும், அப்புறம் ஒங்களுக்கு எறங்காது. வண்டி சூடு தணியட்டும், அதுக்குள்ள பேசிடலாம்.

பதினோரு வருஷமா வேட்டைக்கு வழி காட்டறேன். வெளிநாட்டுக்காரன் வருவான், வேட்டை முகாம்ல தங்குவான், நான் மலைக்குக் கூட்டிட்டுப் போவேன். இந்தப் பள்ளத்தாக்குல வருஷத்துக்கு ஒரே ஒரு கிடா. அதுவும் கொம்பு முழுச் சுத்து சுத்தின கெழம். முகாம்காரங்க என்ன சொல்வாங்கன்னா, இது இன்னும் ரெண்டு குளிரு தாங்காது, ஓநாய் திங்கறதுக்குப் பதிலா, சுட வர்றவன் கட்டற காசு நம்ம ஊரு நர்ஸம்மா சம்பளத்துக்காவது ஆகட்டுமே. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்கு முந்தி நடந்ததைப் பாத்தவன் நான். சண்டைக் காலத்துல ஓஷ் டவுன்லேருந்து மாவு லாரி வராம நின்னுபோச்சு. அப்போ வண்டி மேல ஏறி நின்னு சுட்டோம். கிடா, பெட்டை, குட்டி, எது நின்னாலும். நானும்தான். பசி. முகாம் வந்து காவல் போட்டப்புறம்தான் அது ஓஞ்சுது.

இருங்க, எழுதிடாதீங்க. இன்னும் முடிக்கல.

நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு கிடா. கொம்புல பன்னெண்டு வளையம், பன்னெண்டு வயசு. ஆறு வளையத்துலேருந்தே எனக்குத் தெரியும் அதை. நெஞ்சளவு பனி விழுந்தா அது முன்னால போகும். நெஞ்சால மோதும், பின்னுக்கு வரும், மறுபடி மோதும். பின்னாடி பெட்டைங்க வரிசையா, அது வெச்ச எடத்துலயே கால் வெச்சு, மேல முகட்டுக்கு ஏறிடும். முகட்டுல காத்து பனியைத் தங்க விடாது, காஞ்ச புல்லு இருக்கும். மூணு குளிர்காலம் தூரக்கண்ணாடியில நானே பாத்தேன்.

அந்த வருஷம் வந்தவரு வயசானவரு. கை நடுக்கம். என் பையை வெச்சு அது மேல துப்பாக்கியைக் கெடத்தி, அவர் முழங்கையைப் புடிச்சுக்கிட்டு, மூச்சை விட்டுட்டு அழுத்துங்கன்னு நாந்தான் சொன்னேன். ஒரே குண்டு. கொம்பைத் தடவிப் பாத்து அழுதுட்டாரு மனுஷன். நல்லவருதான்.

அந்த நவம்பர்ல, இணை சேர்ற மாசத்துல, வெறும் இளங்கிடாங்கதான். பெரிசு ஒண்ணு இருந்தா இதுங்க எட்டத்துல நிக்கும். இல்லேன்னா நாலஞ்சு சேந்து ஒரு பெட்டையைத் தொரத்தும், நாள் பூரா. மேய விடாது. பெட்டைங்க எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. பிப்ரவரியில பனி மேல மழை பேஞ்சுது, நான் பொறந்ததுலேருந்து அப்படிப் பாத்ததில்ல. ராத்திரிக்குள்ள கண்ணாடி மாதிரி எறுகிடுச்சு. ஏப்ரல்ல போனேன். முகட்டுக்குக் கீழ ஓடையில முப்பத்தியொரு பெட்டைங்க. அத்தனையும் முகட்டைப் பாத்தே தலையை வெச்சுக் கெடக்குது. புல்லு கூப்பிடு தூரத்துல. மேல போக ஒரு தடம் கூட இல்ல.

தெரியும், பனிக்கட்டிதான்னு சொல்வீங்க. வேட்டையே இல்லாத பக்கத்துப் பள்ளத்தாக்குலயும் செத்துச்சாமே, கேள்விப்பட்டேன். அந்தக் கெழம் இருந்திருந்தாலும் வழுக்கி விழுந்திருக்கும், யாரு கண்டா. இதையேதான் என் வீட்டுக்காரி ஜிபார்கிட்டயும் சொல்வேன். அப்போ ஏன் விடியக்காலைல எந்திரிச்சுப் போய் வாசல்ல நிக்கறேங்கறா. நவம்பர் வந்தா கொம்பு மோதற சத்தம் கேக்குது தங்கச்சி. வெறகு பொளக்கற மாதிரி. அவளுக்குக் கேக்கல. நாய் கூட தலையைத் தூக்கல. மோதப் பெரிய கிடாவே இல்லாதப்போ சத்தம் எங்கேருந்து வரும்?

ஆமா, நீங்க நெனைக்கறது சரிதான். முழுக்கொம்புக் கிடா மூணு வருஷமா ஒண்ணு கூட இல்ல. அப்புறம் வேட்டைக்கு வந்தவங்க எதைச் சுட்டாங்கன்னு கேக்கறீங்களா? ஏழு வளையத்தைக் காட்டிப் பத்துன்னு சொன்னேன். அவங்களுக்கு எண்ணத் தெரியாது.

இங்கதானே கையெழுத்து? தோக்தோசுன், வழிகாட்டி. சரிதான். ஆடு மொத்தம் எண்பத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க. எண்பதுக்குக் கொறைஞ்சா வேட்டைக்கு அனுமதி கெடையாது, முகாம் கெளம்பிடும். கூடவே காவலும் போயிடும். துப்பாக்கி வீட்டுக்கு வீடு எண்ணெ போட்டுத்தான் இருக்கு, யாரும் விக்கல.

இருங்க, பேனாவைக் கீழ வெச்சுக்கறேன்.

காலைல கராஜில்கா பள்ளத்துல நாப்பத்தி மூணு எண்ணினீங்க. மத்தியானம் கணவாய்க்கு அந்தப் பக்கம் நாப்பத்தி ஒண்ணு. நடுவுல மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு யாருன்னு கேட்டீங்கள்ல, என் மச்சினன் அது. அதே ஆடுங்கதான் தங்கச்சி. ஓட்டிக்கிட்டு வந்தான். ரெண்டு மட்டும் கணவாய் ஏற முடியாம நின்னுடுச்சாம். மூணு வருஷமா இப்படித்தான் எண்ண வெக்கறேன். எண்ண வந்தவங்க எல்லாரும் எத்தனைன்னுதான் கேட்டாங்க, ஏன்னு யாரும் கேக்கல.

அந்த எண்பத்தி நாலை அடிச்சிட்டு நாப்பத்தி மூணுன்னு போடுங்க. கையெழுத்துப் போடறேன்.